கைதட்டலுக்கு முன் பதினொரு விநாடி

மேலே இருக்கிற அடுக்கு கீழே இருக்கிறதை மறைக்கும், ஃபிரெண்ட்ஸ், என்று யூடியூபில் அந்தப் பெண் மூன்றாம் தடவையாகச் சொல்கிறாள், நானும் அவளுக்குத் தெரியப் போகிற மாதிரி மூன்றாம் தடவையாகத் தலையாட்டுகிறேன். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பத்து. கை கழுவி முக்கால் மணி நேரம் ஆகியும் விரலில் மீன் குழம்பு வாசனை போகவில்லை, அந்த விரலால்தான் லேப்டாப்பைத் தடவிக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு ஆராதனை முடிந்ததும் சபை மண்டபத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஐம்பதாவது கல்யாண நாள் விருந்து. அங்கே பெரிய திரையில் நாங்கள் நாலு பேர் நாலு குரலில் பாடுகிற வீடியோ ஓட வேண்டும், அதை ஒட்டிச் சேர்க்கிற வேலை என் தலையில். பெர்சிஸ் அக்கா செய்வாள், அவளுக்குத்தான் பொறுமை என்று தம்பி கிதியோன் மஸ்கட்டில் இருந்துகொண்டு சொல்லிவிட்டான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து வெள்ளணுக்களை எண்ணுகிறவளுக்குப் பொறுமை இருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு இருப்பது அடுத்த வட்டத்தில் என்ன தெரியப் போகிறது என்கிற அரிப்பு மட்டும்தான். இந்த மென்பொருளையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடியில் அப்பா அம்மாவின் கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம். அதன் மேல் என் வீடியோவை இழுத்துப் போட்டேன், படம் காணாமல் போய் நான் திரை முழுக்க நின்றேன். என் மேல் கிதியோனைப் போட்டேன், நான் போய்விட்டேன். கிதியோன் மேல் சித்தப்பா மகன் தனசிங்கைப் போட்டேன், பெரிய மீசையோடு அவன் எல்லோரையும் விழுங்கினான். கடைசியாக ஹெப்சியைப் போட்டேன். இப்போது திரையில் ஹெப்சி மட்டும். ஆனால் ஓடவிட்டால் நாலு குரலும் கேட்கிறது, அதுதான் விந்தை, தெரியாமல் போனவர்கள் அடியில் இருந்து பாடிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஹெப்சி என் தங்கை. நாலு வயது இளையவள், கோயம்புத்தூரில் பள்ளிக்கூட டீச்சர், அங்கே சபைப் பாடகர் குழுவில் முதல் குரல். அவளும் நானும் பேசி ஆறு வருஷம். இந்த வீடியோகூட அவள் கிதியோனுக்கு அனுப்பி, கிதியோன் எனக்கு அனுப்பியது, பாளையங்கோட்டைக்கு வர மஸ்கட்டைச் சுற்றி வந்திருக்கிறது. மூலையைப் பிடித்து இழுத்தால் சின்னதாகும் என்கிறாள் யூடியூப் பெண், இழுக்கிறேன், ஹெப்சி சுருங்கிச் சுருங்கித் தீப்பெட்டி அளவில் வலது மேல் மூலைக்குப் போகிறாள், அடியில் இருந்து தனசிங் வெளியே வருகிறான், அவனையும் சுருக்கினால் கிதியோன், கிதியோனைச் சுருக்கினால் நான். நாலு மூலையில் நாலு பேர், நடுவில் மாலை போட்ட அப்பா அம்மா. யாரை யார் பக்கத்தில் வைப்பது? அப்பா மெட்டுப் போட்ட பாட்டு இது, அம்மாவைப் பெண் பார்த்துவிட்டு வந்த வாரத்தில் எழுதினது என்பார், பச்சைப் பொய், கல்யாணமாகி ரெண்டு வருஷம் கழிச்சு நான் கோவிச்சுக்கிட்டு எங்க வீட்டுக்குப் போனப்போ எழுதினது என்பாள் அம்மா. வீட்டில் பாடும்போது ஹெப்சி எப்போதும் எனக்கு வலது பக்கம் நிற்பாள், முதல் குரலும் இரண்டாம் குரலும் ஒட்டித்தான் நிற்க வேண்டும். நான் அவளை எனக்கு நேர் எதிர் மூலையில் வைத்திருக்கிறேன். வேண்டுமென்று செய்தேனா, விரல் செய்ததா. அவள் படத்தைத் தொட்டபோது எந்தப் பொத்தானோ அமுங்கி, அவள் முகம் பாதி கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, அதை நகர்த்தப் போய் என் முகத்தின் மேல் கொண்டு வைத்துவிட்டேன். ஒரு நிமிஷம் அப்படியே பார்த்தேன். மூக்கு பொருந்தவில்லை, அவளுக்கு அம்மா மூக்கு. புருவம் பொருந்துகிறது. வாய் திறக்கும்போது நெற்றியில் புடைக்கிற நரம்பு இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில், எனக்கு அப்படி ஒரு நரம்பு இருப்பதே நாற்பத்தேழு வயதில் இன்றைக்குத்தான் தெரியும். அவளுக்கு இது தெரிந்திருக்குமோ, பக்கத்தில் நின்று பாடியவள்தானே. சட்டென்று அவளை இழுத்து மூலைக்கே கொண்டுபோய்விட்டேன்.

ஓடவிட்டுப் பார்க்கிறேன். ஹெப்சி பிந்துகிறாள். எல்லோரும் சொல்லி முடித்த வார்த்தையை அவள் ஒரு கண்சிமிட்டு நேரம் கழித்து முடிக்கிறாள், எதிரொலி மாதிரி. அவளுடைய துண்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளுகிறேன், இப்போது முந்துகிறாள், பின்னால் இழுக்கிறேன், மறுபடி பிந்துகிறாள். எங்களோடு சேர்ந்து பாட அவளுக்கு மனசு இல்லை, ஏனோதானோவென்று பாடி அனுப்பியிருக்கிறாள் என்று நினைப்பு ஓடியது, நினைத்த உடனே அந்த நினைப்பின் சொகுசும் தெரிந்தது, ஆறு வருஷமாக உட்கார்ந்து பழகிய நாற்காலி அது. மற்ற மூன்று பேரின் சத்தத்தையும் அடைத்துவிட்டு அவளை மட்டும் கேட்டேன். ஊரில் எல்லோரும் மெச்சுகிற குரல்தான், கிணற்றுத் தண்ணீர் மாதிரி. ஆனால் மூன்றாவது அடியில் 'விளக்கே' என்று மேலே ஏறுகிற இடத்தில் சுருதி ஓர் இழை இறங்கி நிற்கிறது. திரும்பப் போட்டேன். இறங்கித்தான் நிற்கிறது. ஹெப்சிக்கா? பத்து வயதிலேயே ஆர்மோனியத்தில் ஒரு கட்டை சுருதி விலகியிருப்பதைக் கண்டுபிடித்து அப்பாவிடம் சண்டை போட்டவளுக்கா? அந்த இடத்தில் அவள் சத்தத்தைக் குறைத்து மற்றவர்களைக் கூட்டினால் ஒருத்தருக்கும் தெரியாது, அதற்கு ஒரு கோடு இருக்கிறது, கீழே இழுத்தால் போதும். இழுக்கப் போனவள் நிறுத்தினேன். அன்றைக்கு நான் சொன்னதும் பாட்டைப் பற்றித்தானே. அம்மா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள், மூன்று ராத்திரி தூக்கமில்லாமல் நான் நிற்கிறேன், லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்று ஹெப்சி போன் பண்ணுகிறாள், நான் சொன்னேன்: "நீ வந்து பாட்டுப் பாடவா? இங்க வேலை செய்யத்தான் ஆளு வேணும்." அவள் போனை வைத்துவிட்டாள். மறுநாள் வந்தாள். பத்து நாள் அம்மாவுக்குப் பீப்பாத்திரம் எடுத்தாள், தலை சீவிவிட்டாள், என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு பாட்டும் பாடவில்லை.

எல்லாத் துண்டுக்கும் ஆரம்பத்துல ஒரு கைதட்டல் வச்சுக்கோங்க ஃபிரெண்ட்ஸ், அந்தக் கைதட்டலை நேர்க்கோட்டுல நிறுத்தினா எல்லாம் சேர்ந்துடும் என்கிறாள் யூடியூப் பெண். இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா. நாங்கள் காதில் கேட்டபடி பாடத் தனசிங் அனுப்பின ஆர்மோனியப் பதிவில் ஒண்ணு ரெண்டு மூணு என்று எண்ணிவிட்டு எல்லோரும் தட்டுங்கள் என்றுதான் இருந்தது, நானும் தட்டினேன். ஆனால் துண்டு வெட்டும்போது கைதட்டலை எல்லாம் குப்பை என்று நினைத்து, வாய் திறக்கிற இடம் பார்த்து வெட்டிவிட்டேன். மூன்று பேருக்கு அது சரி. ஹெப்சி மூச்செடுக்க வாயைச் சீக்கிரமே திறந்துவிடுவாள், சின்ன வயதில் மீன் மீன் என்று கேலி செய்வோம். அவள் பிந்தவே இல்லை, பிந்தினது என் வெட்டு. வெட்டினது போய்விடாதாம், துண்டின் ஓரத்தைப் பிடித்து இடது பக்கம் இழுத்தால் திரும்ப வருமாம். இழுத்தேன். கைதட்டல் வந்தது. இன்னும் கொஞ்சம் இழுக்க இடம் இருந்தது, இழுத்தேன், கைதட்டலுக்கு முன்னால் பதினொரு விநாடி. ஓடவிட்டேன். அவளுடைய முன்னறை, சுவரில் காலண்டர், நீலச் சேலையில் ஹெப்சி வந்து உட்காருகிறாள். போன் சரியாக நிற்கிறதா என்று குனிந்து பார்க்கிறாள். பிறகு முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் இருந்து எதையோ எடுக்கிறாள். பக்கத்தில் மேஜையில் வைக்கிறாள். ஹெட்போனை மாட்டுகிறாள். நிமிர்கிறாள். தட்டுகிறாள்.

என்ன அது. ஹேர்பின்னா? திரும்பப் போட்டேன். ஹேர்பின்னை அவ்வளவு பதனமாக யாரும் எடுத்து வைக்க மாட்டார்கள், முட்டையை வைக்கிற மாதிரி வைக்கிறாள். தீப்பெட்டியாக இருந்தவளை மூலையைப் பிடித்துத் திரை முழுக்கப் பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக்கினேன், முகம் கட்டம் கட்டமாக உடைகிறது, ஆனாலும் விரல்களுக்கு நடுவில் தோல் நிறத்தில் வளைந்த ஒரு சின்னச் சாமான் தெரிகிறது, அதிலிருந்து மெல்லிசாக ஒரு குழாய். எங்கள் கூடத்துக்கு வருகிற வயசானவர்கள் காதில் நிறையப் பார்த்திருக்கிறேன். காது கேட்கிற மிஷின். ஹெப்சிக்கு நாற்பத்துமூன்று வயது. எந்தக் காது? திரையில் எனக்கு வலது பக்கம், ஆனால் முன்கேமரா கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டுமே, எப்படித் தெரிந்துகொள்வது. பின்னால் காலண்டர் எழுத்து நேராக வாசிக்க வருகிறது, அப்படியானால் திருப்பவில்லை, அப்படியானால் அவளுடைய இடது காது. இடது. நான் எழுந்து நின்றுவிட்டேன். ரெண்டு வருஷம் முன்னால் கிதியோன் மகள் முதல் நற்கருணை எடுத்த திடப்படுத்தல் ஆராதனை, அதே மண்டபம், சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் நானும் ஹெப்சியும் பக்கத்துப் பக்கத்தில். சுவரை ஒட்டி வரிசையாகக் குழாய்கள், கடைசிக் குழாய்க்கு அப்புறம் தூண். தூண் எனக்கு இடது பக்கம் இடித்துக்கொண்டிருந்தது, சேலை நனைந்தது ஞாபகம் இருக்கிறது. அப்படியென்றால் ஹெப்சி என் வலது பக்கம். அப்படியென்றால் நான் அவளுக்கு... ஆளில்லாத வீட்டில் சாப்பாட்டு மேஜையைக் குழாய் என்று வைத்துக்கொண்டு, ஃபிரிட்ஜைத் தூண் என்று வைத்துக்கொண்டு நின்று பார்த்தேன். இடது. அவளுடைய இடது காதில்தான் சொல்லியிருக்கிறேன். நாலு வருஷம் வாய்க்குள் உருட்டி வைத்திருந்ததை அன்றைக்குத்தான் சொன்னேன், "ஏட்டி, அன்னைக்கு நான் பேசுனது தப்பு, மனசுல வச்சுக்காத" என்று. அவள் முன்னால் பார்த்தபடியே கையை உதறிவிட்டுப் போய்விட்டாள். அந்த உதறலை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன், பஸ்ஸில், படுக்கையில், மைக்ரோஸ்கோப்பின் வெளிச்ச வட்டத்தில்.

கேட்கவே இல்லை. அவளுக்குக் கேட்கவே இல்லை, அவ்வளவுதான் விஷயம். மின்விசிறிக் காற்று திடீரென்று மேலே படுகிறது. உடனே அடுத்த கேள்வி, அப்போது காது போயிருந்ததா, அதற்குப் பிறகு போனதா? அன்றைக்கு அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தாள், என்ன கர்வம் பார் என்று நினைத்தேன், அது கர்வமா, வலது காதைக் கொடுத்ததா. ஆயர் ஏதோ கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் சிரித்தாளே, அதுவும் காதாலா. பரீட்சைப் பேப்பர் திருத்த வேண்டும், நாளைய விருந்துக்கு வர முடியாது என்றாளாம், அதுவும் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் என்றுதான் இருந்தேன். ஒருவேளை எல்லாமே காதுதானா? எல்லாவற்றையும் ஒரு மிஷின் மேல் ஏற்றிவிடுகிறேனா, எனக்கு வசதியாக இருக்கிறது என்று? ஸ்லைடில் ஒரு கறையைப் பார்த்து இதுதான் நோய் என்று முடிவு கட்டினால் டாக்டர் திட்டுவார், இன்னொரு ஸ்லைடு போடு என்பார். இன்னொரு ஸ்லைடு என்றால் அவளிடம் கேட்பதுதான். அவளுடைய நம்பர் போனில் இருக்கிறது. இடது காது போனவளுக்குப் போன் அடித்தால் கேட்குமா என்று ஒரு நிமிஷம் பைத்தியம் மாதிரி யோசித்தேன். மூன்று இருபது. அடித்தேன். மணி போகப் போக, எடுக்காமல் இருந்தால் நல்லது என்றும் எடுக்க வேண்டும் என்றும் ஒரே சமயத்தில் இருந்தது.

"அம்மாக்கு என்ன?" என்றாள். எடுத்த எடுப்பில் அதுதான். அம்மாவுக்கு ஏதாவது என்றால் தவிர நான் கூப்பிட மாட்டேன் என்று அவளுக்கு உறுதி. "அம்மா நல்லாருக்கா. நாந்தான் சும்மா... வீடியோ சேத்துக்கிட்டு இருக்கேன்." அடுத்ததையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்: "ஏட்டி, நீ தட்டுததுக்கு முன்னாடி காதுல இருந்து எடுக்குதது அதுல இருக்கு." தெருவில் ஐஸ்காரன் மணி, அது அவள் பக்கமா என் பக்கமா தெரியவில்லை. "கிதியோன் பாத்தானா?" என்றாள். "அவன் எங்க முழுசாப் பாப்பான். நான் மட்டுந்தான்." "வெட்டிரு." "வெட்டிட்டேன், வெளிய வராது. எப்போட்டி இது?" அவள் மூச்சு விடுகிறது கேட்டது, பிறகு பள்ளிக்கூடப் பாடம் மாதிரி ஒரே சீராகச் சொன்னாள். மூன்று வருஷம். ஒரு நாள் காலையில் எழுந்தபோது இடது காது அடைத்த மாதிரி இருந்தது, சளி என்று விட்டுவிட்டாள், டாக்டரிடம் போனபோது ரெண்டு வாரம் தாண்டிவிட்டது, உடனே வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார். மிஷின் போட்டால் கொஞ்சம் கேட்கும். கூட்டத்தில் ஒன்றும் புரியாது, யார் சிரித்தாலும் கூடச் சிரித்து வைக்க வேண்டியிருக்கிறது. "அதான் நாளைக்கு வரல. பேப்பர் திருத்தணும்னு சொன்னது பொய்யி." பாடகர் குழுவில் ஒருத்தருக்கும் சொல்லவில்லை, சொன்னால் பின்வரிசையில் போடுவார்கள், அப்புறம் பாவப்பட்டுப் பேசுவார்கள்.

மூன்று வருஷம். அப்படியென்றால் அந்தக் கை கழுவுகிற இடத்துக்கு ஒரு வருஷம் முன்னாலேயே. கணக்கு சேர்ந்துவிட்டது, நான் கிட்டத்தட்ட சிரித்துவிட்டேன். "அப்போ அன்னைக்கு மண்டபத்துல, கை கழுவுத இடத்துல, நான் ஒண்ணு சொன்னேன் உங்கிட்ட. உனக்குக் கேக்கலல்லா?" என்றேன். கேக்கல என்று அவள் சொல்லப் போகிற ஒரு வார்த்தைக்கு எல்லாம் தயாராக இருந்தது. "கேட்டுச்சு" என்றாள். "மிஷின் போட்டிருந்தேன். நல்லாவே கேட்டுச்சு." நான் ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டேன். "பின்ன ஏன் ஒண்ணும் சொல்லல?" "என்னக்கா சொல்ல? நாலு வருஷம் கழிச்சு, நாலு பேரு தட்டைத் தூக்கிட்டு நிக்கையில, சோப்பை எடுத்துக்கிட்டே சொன்ன. எனக்கு அழுகை வந்துட்டு. அதான் போயிட்டேன். பின்னால வருவன்னு நெனச்சேன். வெளிய வேப்பமரத்துக்கிட்ட ரொம்ப நேரம் நின்னேன்." அந்த மரத்தடியில் அவள் நின்றதை நான் பார்க்கவில்லை. நான் உள்ளே பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தேன், கோபத்தோடு, ஒவ்வொரு டம்ளருக்கும் கரண்டி இடிக்க. உதறலைத் தாண்டி அவளுக்கு ஓர் அரை மணி நேரம் இருந்திருக்கிறது. நான் எந்த இடத்தில் வெட்டினேனோ அங்கேயே முடிந்ததாக நினைத்து அதையே திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறேன். "இப்பச் சொல்லட்டா?" என்றேன். "அப்புறமாச் சொல்லு. நேருல பாக்கும்போது சொல்லு, உக்காந்து. இப்ப நான் ஒண்ணு கேக்கேன், அதுக்கு உண்மையச் சொல்லு. எனக்குச் சுருதி சேருதா?"

அதைக் கேட்டபோதுதான் அவளுடைய குரலில் பயம் இருந்தது. காதைப் பற்றிச் சொன்னபோது இல்லாத பயம். இங்கே எல்லோரும் நல்லாருக்குன்னுதான் சொல்லுதாங்க, அவங்க சொல்லுததை எப்படி நம்ப, எனக்கே என் குரலு பாதிதான் கேக்கு, நீ சும்மா சொல்ல மாட்டல்லா என்றாள். சும்மா சொல்ல மாட்டேன், அதுதானே என்மேல் உள்ள வழக்கு. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அந்தக் கோட்டைக் கீழே இழுத்துவிடலாம், மண்டபத்தில் இருநூறு பேரில் ஒருத்தருக்கும் தெரியாது, அப்பாவுக்கே தெரியாது. "எந்தக் காதுல வச்சுருக்க போன?" என்றேன். "வலதுலதான், சொல்லு." "மூணாவது அடியில, 'விளக்கே'ன்னு ஏறுத இடத்துல, ஒரு இழை இறங்குது. மத்த எல்லாம் சுத்தமா இருக்கு. எல்லாமே." நான் மறுபடியும் அதையே செய்துவிட்டேனா, போனை வைத்துவிட்டாளா என்று காதில் இருந்து எடுத்துப் பார்த்தேன், எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. "பாடிக் காட்டு" என்றாள். "நான் ரெண்டாங்குரலு, என்னால அங்க ஏற முடியாதுட்டி." "முடியுத மட்டும் பாடு." பாடினேன். சமையலறை நடுவில் நின்றுகொண்டு 'விளக்கே' என்று ஏறினேன், பாதியில் குரல் கிழிந்தது, அவள் சிரித்தாள், சிரித்தபடியே அவளும் ஏறினாள், எட்டவில்லை, திரும்ப ஏறினாள். "இப்ப?" "இன்னும் கொஞ்சம்." "இப்ப?" "அதான். அங்கயே நில்லு." நின்றாள். என்னிடம் கேட்டுக்கேட்டு நாலைந்து தடவை ஏறி இறங்கினாள், ஒவ்வொரு தடவையும் சரியா என்று கேட்கும்போது எங்கள் ஆயரிடமும் டாக்டரிடமும் இல்லாத எதையோ நான் கையில் வைத்திருக்கிற மாதிரி இருந்தது, பதனமாகச் சொன்னேன். "திரும்பப் பாடி அனுப்புதேன். அரை மணி நேரம்" என்றாள். போனை வைக்கப் போனவள், "எக்கா, கிதியோனுக்கு அனுப்பல. உனக்கே அனுப்புதேன்" என்றாள்.

உட்கார்ந்திருக்கிறேன். மேல் அடுக்கில் இருந்த அவளுடைய பழைய துண்டை அழித்துவிட்டேன், அந்த வரிசை வெறுமையாகச் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. புதியது வந்தால் எங்கே வைப்பது என்று பார்த்தேன், எனக்கு வலது பக்கம் இருந்த கிதியோனை அவள் இருந்த மேல் மூலைக்கு ஏற்றினேன். இந்தத் தடவை எந்தச் சேலை கட்டியிருப்பாள், மிஷினைக் கழற்றிவிட்டு வந்து உட்காருவாளா, கழற்றுகிறதையும் சேர்த்து எனக்கு அனுப்புவாளா? மணி நாலு ஆகப் போகிறது. போனைத் திரை மேலே பார்த்தபடி லேப்டாப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.